பச்சை தெரிகிறது, தண்ணீர் தெரிகிறதா?

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பழைய மாணவிகள் மூவர் சேர்ந்து எழுதியது.)



நூற்றாண்டு விழாவில் பேசும்படி கேட்டபோது, பாடசாலை நினைவுகளைப் பேசுவதா, நாங்கள் செய்யும் வேலையைப் பற்றிப் பேசுவதா என்று மூவரும் பல நாட்கள் கதைத்தோம். நினைவுகளைச் சொல்ல எங்களைவிட மூத்த அக்காமார் பலர் இந்த மலரில் இருக்கிறார்கள். ஆகவே எங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுகிறோம். நாங்கள் மூவரும் இங்கே உயர்தர வகுப்பில் ஒன்றாகப் புவியியல் படித்தவர்கள். ஒருத்தி ஊரிலேயே ஆசிரியை. ஒருத்தி விவசாயத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மற்றவள் ரொறன்ரோவில் செய்மதிப் படங்களைப் படிக்கும் வேலையில் இருக்கிறாள். இன்று பேசுவது ஒருத்தி என்றாலும் பேச்சு மூவருடையது.

ஒரு சிறிய சம்பவத்தோடு தொடங்குகிறோம். 2017ஆம் ஆண்டு ஆவணி மாதம். முந்திய மாரி பொய்த்துப்போனதால் இலங்கையின் பல மாவட்டங்களில் கடும் வறட்சி. நாற்பது ஆண்டுகளில் இப்படியொரு வறட்சி வரவில்லை என்று செய்திகள் சொல்லின. ரொறன்ரோவில் இருப்பவள், வேலை முடிந்த ஒரு மாலையில், தாயார் தனியாக இருக்கும் வலிகாமத்து ஊரின் செய்மதிப் படத்தை எடுத்துப் பார்த்தாள். தோட்டங்கள் பச்சை. வீட்டு வளவும் பச்சை. நிம்மதியோடு தாயாருக்கு அழைப்பெடுத்து, "அம்மா, ஊர் பச்சையாத்தானே கிடக்கு" என்றாள். தாயார் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "பிள்ளை, ரெண்டு கிழமையாத் தேத்தண்ணி உப்புக் கரிக்குது. மேலயிருந்து எடுக்கிற உங்கட படத்தில என்ர கிணத்துக்குள்ள தெரியுமோ?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் அன்று மறுமொழி இருக்கவில்லை. இன்றைய பேச்சு அந்தத் தாயாருக்கு நாங்கள் சொல்லும் மறுமொழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், செய்மதி எப்படிப் பச்சையைப் பார்க்கிறது என்று சொல்ல வேண்டும். உயிரியல் வகுப்பில் இலையின் குறுக்குவெட்டுமுகத்தை வரைந்தது நினைவிருக்கும். இலையிலுள்ள பச்சையம் ஒளித்தொகுப்புக்காகச் சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை உறிஞ்சிக்கொள்ளுகிறது. ஆனால் எங்கள் கண்ணுக்குத் தெரியாத, சிவப்புக்கு அடுத்தாற்போல் இருக்கும் செந்நிறக்கீழ்க் கதிரை இலை உறிஞ்சுவதில்லை. உள்ளேயிருக்கும் கலங்களும் காற்றிடைவெளிகளும் அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. நன்றாக இருக்கும் இலை சிவப்பைக் குறைவாகவும் செந்நிறக்கீழ்க் கதிரை மிகுதியாகவும் தெறிக்கும். தண்ணீர் இல்லாமல் வாடும்போது பச்சையம் குறைகிறது. சிவப்புத் தெறிப்புக் கூடுகிறது. செந்நிறக்கீழ்த் தெறிப்புக் குறைகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டினதும் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் வரும். அதுதான் என்.டி.வி.ஐ. என்று சொல்லப்படும் தாவரச் சுட்டி.

கணக்காகவே பார்ப்போம். ஒரு செழிப்பான பயிர் செந்நிறக்கீழ்க் கதிரில் 50 வீதத்தையும் சிவப்பில் 5 வீதத்தையும் தெறிக்கிறது என்று வைப்போம். வித்தியாசம் 45, கூட்டுத்தொகை 55, சுட்டி 0.82. அதே பயிர் வாடிய பின் 30 வீதத்தையும் 15 வீதத்தையும் தெறித்தால், வித்தியாசம் 15, கூட்டுத்தொகை 45, சுட்டி 0.33. வெறும் மண்ணுக்கு இது பூச்சியத்துக்குச் சற்று மேலே நிற்கும். நீர்ப்பரப்புக்குப் பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். இவ்வளவுதான் இந்த விஞ்ஞானத்தின் அடிப்படை. சாதாரணதரக் கணிதம் தெரிந்த பிள்ளைக்கு இது விளங்கும்.

இந்த இரண்டு கதிர்களையும் விண்வெளியிலிருந்து பிரித்து அளந்த கருவியின் பின்னால் ஒரு பெண் இருக்கிறார் என்பதை இந்த மண்டபத்தில் சொல்லாமல் விட முடியாது. 1972 யூலையில் அமெரிக்கா ஏவிய முதலாவது லாண்ட்சற் செய்மதியில் இரண்டு கருவிகள் இருந்தன. முக்கியமானது என்று கருதப்பட்டது ஒரு கமரா அமைப்பு. மற்றது வேர்ஜீனியா நோர்வூட் என்ற பௌதிகவியலாளர் வடிவமைத்த பல்நிறமாலை வருடி. அது பரீட்சார்த்தமாகச் சேர்க்கப்பட்டது. ஏவிச் சில நாட்களிலேயே கமரா அமைப்பு மின்கோளாறால் பயன்படாமல் போயிற்று. நோர்வூட்டின் கருவிதான் பூமியைப் படமெடுத்தது. தாவரச் சுட்டியை முதலில் கணித்தவர்களும் அதன் அளவீடுகளைத்தான் பயன்படுத்தினார்கள். 2023இல் காலமான அவரை லாண்ட்சற்றின் தாய் என்று சொல்லுவார்கள்.

இனி வறட்சிக்கு வருவோம். சுட்டி 0.40 என்றால் வறட்சியா இல்லையா? அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. மணற்காட்டில் 0.40 நல்ல எண்ணாக இருக்கலாம். தென்மராட்சி வயலில் தை மாதத் தொடக்கத்தில் அது கெட்ட எண். ஆகவே ஒவ்வோர் இடத்தையும் அதே இடத்தின் பழைய பதிவோடுதான் ஒப்பிட வேண்டும். எங்கள் ஆசிரியைகளில் ஒருவர் தேர்ச்சி அறிக்கையைக் கையில் தரும்போது, பக்கத்துப் பிள்ளையின் புள்ளியைப் பார்க்காதே, உன்னுடைய போன தவணைப் புள்ளியைப் பார் என்பார். அமெரிக்க வளிமண்டல, சமுத்திரவியல் நிறுவனத்தில் பணியாற்றிய பீலிக்ஸ் கோகன் 1990களில் முன்வைத்த தாவர நிலைமைச் சுட்டியும் இதையே செய்கிறது. ஒரு துண்டு நிலத்தில் தை முதற்கிழமையில் இத்தனை ஆண்டுகளில் பதிவான மிகக் குறைந்த சுட்டி 0.30, மிகக் கூடியது 0.70 என்று வைப்போம். இந்த ஆண்டு அதே கிழமையில் 0.40. மிகக் குறைந்ததிலிருந்து 0.10 மேலே, முழு வீச்சு 0.40. ஆகவே நூற்றுக்கு 25 புள்ளி. 35க்குக் கீழே போனால் வறட்சி என்று எடுப்பது வழக்கம்.

இது வெறும் ஆராய்ச்சி விளையாட்டு இல்லை. கென்யாவின் வடக்கே மார்சபிற் என்னும் வறண்ட மாவட்டத்தில் 2010இல் ஒரு காப்புறுதித் திட்டம் தொடங்கியது. ஆடு, மாடு, ஒட்டகம் வளர்ப்போருக்கானது. யாருடைய மாடு செத்தது, எத்தனை செத்தது என்று எண்ணப் போக வேண்டியதில்லை. மேய்ச்சல் தரையின் தாவரச் சுட்டி ஒரு எல்லைக்குக் கீழே இறங்கினால் பணம் கொடுக்கப்படும். 2011இன் பெரும் வறட்சியின்போது அந்த ஆண்டு ஒக்டோபரில் முதற்கொடுப்பனவு நடந்தது. பின்னர், மாடு செத்த பிறகு பணம் கொடுப்பதைவிட, சாகுமுன்னே தீவனம் வாங்கக் கொடுப்பது நல்லது என்று திட்டத்தை மாற்றியமைத்தார்கள். இந்தியாவில் 1989இலிருந்து தேசிய மட்டத்தில் செய்மதி மூலம் பயிர் வறட்சி கணிக்கப்படுகிறது. எங்கள் நாட்டிலேயே, பத்தரமுல்லையில் தலைமையகத்தைக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் தென்னாசியாவுக்கான வறட்சிக் கண்காணிப்பு முறைமையொன்றை நடத்துகிறது.

2016/17 காலபோகத்தில் இவற்றின் பயனை நாங்களே கண்டோம். மழை வரவேண்டிய காலத்தில் வரவில்லை. விதைத்த வயலில் பயிர் எழும்பவில்லை. விதைக்காமலே விட்ட வயல்கள் ஏராளம். 2017இன் மொத்த நெல் உற்பத்தி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 40 வீதம் குறையும் என்று ஐக்கிய நாடுகளின் உணவு அமைப்புகள் அந்த ஆண்டு மதிப்பிட்டன. நாடு முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்து எங்கே மோசம், எங்கே பரவாயில்லை என்று சில நாட்களில் சொல்லச் செய்மதியைவிட நல்ல வழி இல்லை. கிராம சேவையாளர் ஒவ்வொரு வயலாக நடந்து எழுதி, அது பிரதேச செயலகத்துக்குப் போய், அங்கிருந்து கச்சேரிக்குப் போய்ச் சேரும்போது, கமக்காரர் விதைநெல்லையும் விற்றிருப்பார்.

அப்படியானால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மட்டும் ஏன் இது எங்களை ஏமாற்றியது?

குடாநாட்டின் நிலத்தை நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடலேரியோடு சேரும் வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். கீழே சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கும் மழைநீர், பாரமான கடல்நீரின் மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. அதுதான் எமது கிணற்று நீர்.

இந்த நிலத்தில் பச்சை மூன்று வகை. மூன்றும் செய்மதிக்கு ஒரே மாதிரித்தான் தெரியும்; ஆனால் மூன்றுக்கும் கருத்து வேறு.

முதலாவது, மழைப் பச்சை. தென்மராட்சி, வடமராட்சி, வலிகாமம் மேற்கு வயல்கள் மானாவாரி வயல்கள். புரட்டாதி, ஐப்பசியில் விதைத்து, கார்த்திகை, மார்கழியில் பயிர் எழும்பி, தை, மாசியில் அறுவடை. தீவகத்துத் தரவைகளும் அப்படித்தான். மழை பெய்தால் பச்சை, பெய்யாவிட்டால் இல்லை. இங்கே சுட்டி உண்மை பேசும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பயிர் எழும்பும் அதே கார்த்திகை, மார்கழியில்தான் வானம் முகில் மூடிக் கிடக்கும். அதனால் பதினாறு நாட்களில் எடுத்த படங்களை ஒன்றுசேர்த்து, முகில் இல்லாத கட்டங்களைப் பொறுக்கிப் படம் செய்கிறார்கள். முகிலை ஊடுருவும் ராடர்ச் செய்மதிகளும் இப்போது உண்டு.

இரண்டாவது, பனைப் பச்சை. பனங்கூடல், வடலி, வேலியில் நிற்கும் கிளுவை, பூவரசு, வளவுக்குள் மா, பலா, வேம்பு. இவற்றின் வேர் ஆழம் போகும். ஒரு மாரி பொய்த்தாலும் பனை காட்டிக்கொடுக்காது. எமது முன்னோர் பனையைக் கொண்டாடியதற்குக் காரணமே அதுதான். ஆனால் சுட்டியைக் கணிக்கும்போது அதே பனை பக்கத்தில் காய்ந்து கிடக்கும் நிலத்தை மறைத்துவிடும். செய்மதிப் படத்தின் ஒரு கட்டம் எவ்வளவு பெரியது என்று எமது அளவில் சொல்லுகிறோம். நாள்தோறும் படமெடுக்கும் மோடிஸ் கருவியின் ஒரு கட்டம் 250 மீற்றருக்கு 250 மீற்றர். அது ஏறத்தாழ 247 பரப்பு. அதற்குள் ஒரு வயல்வெளித் துண்டு, நாலைந்து வீடு, ஒரு கோயில், ஒரு பனங்கூடல் எல்லாம் அடங்கி, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண் கிடைக்கும். லாண்ட்சற்றின் கட்டம் மூன்றரைப் பரப்பு. 2015இலும் 2017இலும் ஐரோப்பியர் ஏவிய சென்ரினல்-2 செய்மதிகள் வந்த பிறகுதான் ஒரு பரப்புக் காணிக்கு இரண்டு, மூன்று கட்டங்கள் கிடைத்தன. ஐந்து நாட்களுக்கு ஒருமுறை வரும் இந்தப் படங்களை எவரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். துண்டு துண்டான காணிகளைக் கொண்ட எமது ஊருக்கு இது பெரிய வாய்ப்பு.

மூன்றாவது, கிணற்றுப் பச்சை. எங்களை ஏமாற்றியது இதுதான். வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயம், மிளகாய், புகையிலை, வாழை, மரவள்ளி எல்லாம் கோடையிலும் பச்சையாக நிற்கும். மழையால் நிற்கவில்லை, இறைப்பால் நிற்கிறது. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், ஆளின் களைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்த பிறகு அந்த எல்லை போயிற்று. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போனபோது இறைப்பு இன்னும் கூடியது. அந்தக் காசில் கல்வீடு எழும்பியது, பிள்ளைகள் படித்தார்கள். இந்தப் பாடசாலைக்கு வந்த எம்மில் பலருடைய புத்தகமும் சீருடையும் அந்தக் கிணறுகளிலிருந்து வந்தவைதான். ஆகவே கமக்காரரைக் குறை சொல்லுவது எமது நோக்கம் இல்லை.

ஆனால் கணக்கைச் சொல்ல வேண்டும். கடல்நீரின் மேலே மிதக்கும் நன்னீரைப் பற்றி ஒரு பழைய விதி இருக்கிறது. ஒல்லாந்தர் ஒருவரும் ஜேர்மானியர் ஒருவரும் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தனித்தனியாகக் கண்டது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும். திருப்பிச் சொன்னால், மேலே ஓரடியை இழந்தால் கீழேயிருந்து உவர்நீர் நாற்பது அடி வரை மேலெழும்ப இடம் கிடைக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை எல்லோரும் அறிவோம். ஊர்க்கிணறு ஒவ்வொன்றும் ஒரு சிறிய நிலாவரைதான். மாரி பொய்த்த ஆண்டில் கிணற்றுக்கு வரவு இல்லை. ஆனால் பயிரைக் காப்பாற்ற வழக்கத்தைவிடக் கூட இறைக்கிறோம். மேலிருந்து பார்க்கும் செய்மதிக்குத் தோட்டம் பச்சையாகத் தெரிகிறது. எவ்வளவு பச்சை தெரிகிறதோ அவ்வளவுக்குக் கிணற்றிலிருந்து கடன் எடுத்திருக்கிறோம். அந்தத் தாயாரின் தேத்தண்ணி உப்புக் கரித்தது அதனால்தான்.

இது எமக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் என்னும் வட இந்திய மாநிலங்களைச் செய்மதிப் படத்தில் பார்த்தால் முதலிரண்டும் கண்கொள்ளாப் பச்சை. ஆனால் 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செய்மதிகள் வேறொரு கதை சொல்லின. இவை நிறத்தைப் பார்ப்பவை இல்லை. ஒன்றையொன்று தொடர்ந்து பறந்து, இடையிலுள்ள தூரம் மாறுவதைக் கொண்டு கீழேயுள்ள புவியீர்ப்பின் சிறு மாற்றங்களை அளந்தவை. நிலத்தடியில் நீர் குறைந்தால் ஈர்ப்பும் சிறிது குறையும். நாசா விஞ்ஞானிகள் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2002 ஆகஸ்ட் முதல் 2008 ஒக்டோபர் வரை அந்த மூன்று மாநிலங்களும் டெல்லியும் சேர்ந்து 109 கன கிலோமீற்றர் நிலத்தடி நீரை இழந்தன. ஒரு கன கிலோமீற்றர் என்பது ஓர் இலட்சம் கோடி லீற்றர். அந்த ஆண்டுகளில் மழை ஏறக்குறைய வழமைபோலவே பெய்திருந்தது.

அப்படியென்றால் கிரேஸைக் கொண்டு எமது கிணறுகளையும் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. அதற்குப் பல நூறு கிலோமீற்றர் அகலமான நிலம் வேண்டும். எமது குடாநாடோ மொத்தமாக ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர். அதன் கண்ணுக்கு நாம் ஒரு புள்ளியும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது இந்த மண்டபத்தில் பலருக்கு நோகும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் எமது வகுப்புத் தோழிகளும் இருந்தார்கள். ஆளில்லாத காணிகளில் பற்றையும் மரமும் வளர்ந்தன. வீட்டுக்குள்ளேயே மரம் எழும்பியது. செய்மதிப் பதிவில் அந்தக் காணிகளின் சுட்டி நன்றாக இருக்கும். பல ஆண்டுகளின் பின் சிறிது சிறிதாகக் காணிகள் விடுவிக்கப்பட்டு, உரியவர்கள் திரும்பிவந்து, பற்றை வெட்டி, கிணறு இறைத்து, அத்திவாரம் தேடியபோது அந்தச் சுட்டி இறங்கும். பழைய பதிவோடு ஒப்பிடும் கணக்கு அதை வறட்சி என்று காட்டக்கூடும். மக்கள் இல்லாத பச்சையை நலம் என்றும், மக்கள் திரும்பிய செம்மண்ணைக் கேடு என்றும் ஒரு எண் சொல்லுமானால், அந்த எண்ணை வாசிக்க அந்த ஊரை அறிந்த ஒருவர் வேண்டும்.

சுட்டி இறங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. 2020 டிசம்பரில் புரேவிப் புயலின் மழையால் குடாநாட்டு வயல்கள் வெள்ளத்தில் மூழ்கின. நீர் நின்ற வயலுக்கும் சுட்டி குறைவு. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபின் வந்த காலபோகத்தில் நாட்டின் பல பகுதிகளில் பயிர் மஞ்சள் நிறமானது. அங்கே மழைக் குறைவு காரணமாக இருக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வெப்பமானி சொல்லும். என்ன காய்ச்சல் என்று தாயும் வைத்தியரும் சேர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதனாலெல்லாம் செய்மதி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்களில் ஒருத்திக்கு அதுவே சோறு போடுகிறது. நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான்: எமது மண்ணில் செய்மதிச் சுட்டியைத் தனியே வாசிக்கக் கூடாது. அதன் பக்கத்தில் கிணற்றின் அளவையும் வைத்து வாசிக்க வேண்டும். சுட்டி குறைந்து கிணறும் குறைந்தால் வறட்சி வெளிப்படை. சுட்டி நன்றாக இருந்து கிணறு மட்டும் இறங்கிக்கொண்டு போனால் அதுவும் வறட்சிதான். வெளியே தெரியாமல் நடக்கும் வறட்சி. நிவாரணப் பட்டியலில் அது வராது. படத்தில் பச்சையாக இருக்கும் ஊருக்குத் தண்ணீர் பவுசர் அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. அந்தத் தாயார் அன்று கேட்டதன் பாரம் அங்கேதான் இருக்கிறது.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒரு கயிறு, நுனியில் ஒரு பாரம், ஓர் அளவுநாடா, ஒரு கொப்பி. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, விடியற்காலையில், இறைப்புத் தொடங்குமுன், கிணற்றுக்கட்டின் ஒரே இடத்திலிருந்து நீர்மட்டம் வரை அளந்து திகதியோடு எழுத வேண்டும். கடலுக்குக் கிட்டிய கிணறுகளில் வற்றுப்பெருக்கால் மட்டம் ஏறி இறங்கும். அதனால் நேரத்தையும் எழுதுவது நல்லது. உப்பை அறிய, தண்ணீரின் மின்கடத்துதிறனை அளக்கும் பேனை போன்ற சிறிய கருவி ஒன்று போதும். அதே கிழமைக்குரிய சென்ரினல் படத்தைப் பாடசாலைக் கணினிக்கூடத்தில் திறந்து, அந்தக் கிணற்றைச் சுற்றியுள்ள காணியின் சுட்டியைப் பக்கத்து நிரலில் எழுதினால், மூன்று நிரல் கொண்ட ஒரு பதிவேடு உருவாகும். ஒரு மாரி, ஒரு கோடை கழிந்தால் அது கதை சொல்லத் தொடங்கும். பத்து ஆண்டு கழிந்தால் எந்தத் திணைக்களத்தின் மேசையிலும் வைத்துப் பேசக்கூடிய சான்றாகிவிடும்.

ஆகவே நாங்கள் மூவரும் சங்கத்திடம் கேட்பது இரண்டு. முதலாவது, எமது பாடசாலைக் கிணற்றிலிருந்து தொடங்கி, விரும்பும் மாணவிகளின் வீட்டுக் கிணறுகளில் இந்தப் பதிவேட்டை இந்த நூற்றாண்டு ஆண்டிலேயே தொடங்க வேண்டும். அளவுநாடாவையும் கடத்துதிறன் கருவிகளையும் நாங்கள் தருகிறோம். படத்தை வாசிக்கப் பழக்குவதற்கு ஒவ்வொரு தவணையும் ரொறன்ரோவிலிருந்து இணையவழி வகுப்பு எடுக்க எங்களில் ஒருத்தி ஒப்புக்கொண்டிருக்கிறாள். கொப்பியைக் கவனிக்கும் பொறுப்பை ஊரில் இருப்பவள் ஏற்கிறாள்.

இரண்டாவது, இது கடல் கடந்து வாழும் சகோதரிகளுக்கு. எம்மில் பலருக்கு ஊரில் காணி இருக்கிறது. சிலருடைய காணி பற்றை பிடித்துப் பச்சையாகக் கிடக்கிறது. சிலருடைய காணியில் வெள்ளவாய்க்கால் மதிலால் மறிபட்டுக் கிடக்கிறது. சிலருடைய காணிக்குப் பக்கத்துக் குளம் குப்பையால் மேடாகிக்கொண்டு வருகிறது. மாரியில் ஓடும் வெள்ளம் கடலுக்குப் போகாமல் குளத்திலும் கேணியிலும் தங்கி நிலத்துக்குள் இறங்கினால்தான் கிணற்றின் கடன் அடைபடும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது உங்கள் காணியின் வெள்ளம் எந்தப் பக்கம் போகிறது என்று ஒருமுறை பாருங்கள். மதில் கட்டினால் வெள்ளம் போக வழி விட்டுக் கட்டுங்கள். வரமுடியாதவர்கள் தொலைபேசியில் பேசும்போது, ஊர் பச்சையாக இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர் நிற்கிறது, வாயில் வைத்தால் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள்.

ரொறன்ரோவில் இருப்பவள் இப்போது அப்படித்தான் கேட்கிறாள். தாயாருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. துலாக் கயிறு பிடித்த கை. மகள் வாங்கி அனுப்பிய அளவுநாடாவைத் தொடவே மாட்டேன் என்கிறார். பழைய கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கயிற்றை இறக்கி, முடிச்சை எண்ணி, வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புகிறார். மகள் அதைச் சென்ரினல் படத்துக்குப் பக்கத்தில் எழுதிவைக்கிறாள். எங்கள் பதிவேட்டின் முதற்கிணறு அதுதான்.

அம்மா, எங்கள் படத்தில் உங்கள் கிணற்றுக்குள் தெரியாது. நீங்கள் எண்ணிச் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.